பவர் கண்டிஷனர் இருக்கட்டும், எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றினீர்களா?

கோடை மழையும் ஆடிக்காற்றும் வருவதற்குள் ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்கள் மின்சாரப் பாதுகாப்புச் சந்தேகங்களை அனுப்பிவிடுங்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். ஒரு மஞ்சள் பை நிறையக் கடிதம் வந்துவிட்டது. "பெயரைப் போட்டுவிடாதீர்கள், வீட்டில் விலை உயர்ந்த சாமான் இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்துவிடும்" என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். நியாயம்தான். எல்லோருக்கும் ஊரை மட்டும் போடுகிறேன்.

மகன் 65 அங்குல டிவி, 5.1 ரிசீவர் (ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி), அடித்தொனிக்குத் தனி சப்வூஃபர் எல்லாம் வாங்கி மாட்டிவிட்டு பெங்களூருக்குப் போய்விட்டான். இதற்கெல்லாம் பவர் கண்டிஷனர் கட்டாயம் என்கிறார் ஒரு கடைக்காரர். அதன் விலை ரிசீவரின் விலையில் பாதி. ஸ்டெபிலைசர் போதும் என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் ஸ்பைக் பஸ்டர் பட்டை ஒன்றை எடுத்து நீட்டுகிறார். நான் வங்கி ஓய்வூதியக்காரன். எதை வாங்குவது?
— வாசகர், திருநகர்

ஐயா, மூவரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு நோய்க்கு மருந்து சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு என்ன நோய் என்று மட்டும் ஒருவரும் நாடி பிடித்துப் பார்க்கவில்லை.

நான் 1983-இல் மாமாவின் மைக் செட் கடையில் ஒயர் சுருட்டத் தொடங்கியவன். இப்போது டவுன் ஹால் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் பழுது பார்க்கும் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். மழைக் காலத்திலும் காற்றுக் காலத்திலும் என் மேசைக்கு வந்து சேரும் செட்டுகளில் பெரும்பாலானவற்றைக் கொன்றது எது தெரியுமா? இடி அல்ல. நியூட்ரல் கம்பி.

தெருக் கம்பத்தில் மின்சாரம் கொண்டுவரும் ஃபேஸ் கம்பி மூன்று, அது திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி ஒன்று. உங்கள் வீட்டுக்கு ஒரு ஃபேஸும் நியூட்ரலும் வருகின்றன. இடையே 230 வோல்ட். எதிர்வீட்டுக்கு வேறு ஃபேஸ், அதே நியூட்ரல். ஒரு ஃபேஸுக்கும் இன்னொரு ஃபேஸுக்கும் இடையே இருப்பதோ ஏறத்தாழ 400 வோல்ட். ஆடிக்காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, கம்பத்தில் நியூட்ரல் இணைப்பு பறந்துவிடுகிறது. அப்போது உங்கள் வீடும் எதிர்வீடும் அந்த 400 வோல்ட்டுக்குக் குறுக்கே, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்ததுபோல் ஆகிவிடுகின்றன. கணக்கு எளிது என்பதால் இரண்டு வீடு மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் டிவி மட்டும் போட்டிருக்கிறீர்கள், 100 வாட். எதிர்வீட்டு அம்மா இஸ்திரி போடுகிறார், 1000 வாட். சுமை குறைந்த வீட்டில்தான் வோல்ட்டேஜ் ஏறும். உங்கள் டிவிக்கு 360 வோல்ட்டுக்கு மேல் வந்துவிடும்; அவருடைய இஸ்திரிப் பெட்டி நாற்பது வோல்ட்டுக்குக் குறைவாக வாங்கிக்கொண்டு சூடேறாமல் கிடக்கும். அவர் இஸ்திரிப் பெட்டியைத் திட்டிக்கொண்டிருப்பார். உங்கள் வீட்டில் புகை வரும்.

இரண்டு ஆடிக்கு முன்பு அவனியாபுரம் பக்கம் ஒரே தெருவிலிருந்து ஒரே நாளில் ஏழு டிவி என் கடைக்கு வந்தன. ஏழிலும் பின்மூடியைக் கழற்றினால் ஒரே காட்சி: பவர் போர்டில் கட்டைவிரல் பருமனில் நிற்கும், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கண்டன்சரின் தலை உப்பி, அதில் கூட்டல் குறிபோல் கீறியிருக்கும் இடத்தில் வாய் பிளந்து, உள்ளிருந்து பழுப்பு நிறத்தில் காகிதம் எட்டிப் பார்க்கிறது. மீன் கருகியதுபோல் ஒரு வாடை. அந்தக் கண்டன்சரின் மேல் 400 வோல்ட் அல்லது 450 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். 230 வோல்ட் மின்சாரம் டையோடுகளைத் தாண்டி உள்ளே போகும்போது உச்ச அளவான 325 ஆகிறது, அதைத் தாங்கும். 360 உள்ளே போனால் 509. எந்தக் கம்பெனிக் கண்டன்சரும் அதைத் தாங்காது.

இப்போது மூன்று கடைக்காரர்களிடம் வருவோம். ஸ்பைக் பஸ்டர் பட்டைக்குள் இருப்பது வேரிஸ்டர் என்கிற ஒரு வில்லை. துத்தநாக ஆக்சைடு; ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுச் சிறியது; பெரும்பாலும் நீல நிறம். கண நேரத்தில் பாய்ந்துவரும் அதிர்ச்சியைத் தன்மேல் வாங்கித் தின்றுவிடும். கண நேரம்தான் அதன் கணக்கு. நியூட்ரல் போய் 360 வோல்ட் நிமிடக் கணக்கில் நின்றால் அந்த வில்லையே அடுப்புக்கரியாகிவிடும். மேலும் ஒவ்வோர் அடியிலும் அது கொஞ்சம் தேய்கிறது. ஐந்து ஆண்டு பழைய பட்டையில் விளக்கு எரிகிறது என்பதற்காக உள்ளே வில்லை உயிரோடு இருக்கிறது என்று நம்பாதீர்கள். விளக்குக்கும் வில்லைக்கும் பல பட்டைகளில் உறவே இல்லை.

ஸ்டெபிலைசர் ஏறி இறங்கும் வோல்ட்டேஜைச் சமன் செய்யும். உங்கள் டிவிக்கு அது அவ்வளவு தேவையில்லை. பின்னால் 100 முதல் 240 வோல்ட் வரை என்று எழுதியிருந்தால் அது தானே சமாளித்துக்கொள்ளும். ரிசீவர் அப்படியல்ல. பல ரிசீவர்களில் இன்னும் கனமான டிரான்ஸ்ஃபார்மர்தான், 230-க்கென்றே சுற்றியது. இரவு எட்டு மணிக்கு உங்கள் தெருவில் 180-க்கு இறங்குகிறதென்றால் ரிசீவருக்கும் சப்வூஃபருக்கும் ஸ்டெபிலைசர் வேண்டும். இறங்கவில்லையென்றால் எதற்கு? சுவரில் ஒரு டிஜிட்டல் வோல்ட் மீட்டரைச் செருகி ஒரு வாரம் காலை, மாலை, இரவு பத்து மணி என்று குறித்துப் பாருங்கள். வங்கியில் பேரேடு எழுதிய கைக்கு இது பெரிய வேலையல்ல.

ஸ்டெபிலைசரிலும் இரண்டு சாதி. ரிலே வைத்தது 'டக், டக்' என்று படிப்படியாக மாறும். சர்வோ என்பது மோட்டார் வைத்து வழுக்கிக்கொண்டே சரிசெய்யும். நேர்த்தியானது, ஆனால் நிதானக்காரர். ஸ்பைக் வந்து போன பிறகுதான் அவர் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டுவார்.

பவர் கண்டிஷனர் என்பது பெரும்பாலும் இவற்றையெல்லாம் ஒரே பெட்டிக்குள் போட்டு, மின்சாரத்தோடு வரும் இரைச்சலை வடிகட்டும் சுருளும் கண்டன்சரும் சேர்த்து, முன்னால் அலுமினியத் தகடு மாட்டியது. 'பெரும்பாலும்' என்று சொல்வதற்குக் காரணம், அந்தப் பெயருக்குள் என்ன இருக்க வேண்டும் என்று கடைக்குக் கடை ஒரு வரையறை. சில விலை உயர்ந்த பெட்டிகளில் வோல்ட்டேஜைச் சரிசெய்யும் பகுதியே கிடையாது. வடிகட்டியும் வில்லையும் மட்டும்தான். ஆகவே கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வோல்ட்டேஜ் 270-க்கு மேல் போய் அங்கேயே நின்றால் இந்தப் பெட்டி என்ன செய்யும்?" "தானே துண்டித்துவிடும்" என்றால் மேற்கொண்டு பேசலாம். "ஒலி துல்லியமாக இருக்கும் சார்" என்றால் படியிறங்கி வந்துவிடுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதல் காசை எர்த் குழிக்குச் செலவழிப்பேன் (கீழே சோழவந்தான் அம்மாவுக்கு எழுதியதைப் படியுங்கள்). இரண்டாவது காசு, அளவு மீறினால் துண்டிக்கும் வோல்ட்டேஜ் புரொடெக்டருக்கு. மெயின் பாக்ஸில் எம்.சி.பி.க்கு (சுமை மீறினால் தானே விழும் சுவிட்ச்) பக்கத்தில் உட்காரும் சிறிய சாதனம். 180-க்குக் கீழேயும் 260-க்கு மேலேயும் துண்டிக்குமாறு வைத்து, மின்சாரம் திரும்பிய பிறகு மூன்று நிமிடம் பொறுத்து இணைக்கச் சொல்லலாம். அந்த மூன்று நிமிடம் முக்கியம்; கரண்ட் போய்த் திரும்பும் முதல் சில நொடிகளில்தான் வோல்ட்டேஜ் குதியாட்டம் போடும். நல்ல ஸ்பீக்கர் ஒயர் வாங்கும் காசுக்குள் இது அடங்கிவிடும். ஆர்.சி.சி.பி. (மின்சாரம் எர்த்துக்குக் கசிந்தால் விழும் சுவிட்ச்) இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். அது ஆளைக் காப்பாற்றுவது. வோல்ட்டேஜைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. மூன்றாவது காசுக்கு, வெப்பத்தில் அறுந்துகொள்ளும் ஃபியூஸ் வைத்த ஒரு நல்ல பட்டை. ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றுக்கும் இடையே வில்லை இருக்கிறதா என்று அட்டையில் பாருங்கள். இவ்வளவும் செய்த பிறகு காசு மீந்தால் கண்டிஷனர் வாங்கலாம். உங்கள் மகன் வாங்கிக் கொடுத்தால் நான் தடுக்கவில்லை.

ஸ்டெபிலைசரோ கண்டிஷனரோ, எந்த அளவில் வாங்குவது? ஹோம் தியேட்டரின் அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் ஆயிரம் வாட், ஐயாயிரம் வாட் எல்லாம் திருவிழாக் கடை ராட்டினம். செட்டின் முதுகில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். டிவி 200, ரிசீவர் 500, சப்வூஃபர் 300 என்றால் கூட்டுத்தொகை 1000 வாட். ஒன்றரை கே.வி.ஏ., அதாவது 1500 வோல்ட்-ஆம்பியர், தாராளம்.

மருமகன் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது பெரிய கம்பெனி பவர் கண்டிஷனர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அங்கே அவர் நான்கு வருடம் பயன்படுத்தியதாம். பிளக் தட்டையாக இருக்கிறது. கன்வெர்ட்டர் பின் வாங்கிவிட்டேன். அப்படியே செருகலாமா?
— வாசகர், கே.கே. நகர்

செருகவில்லையே? நல்லது. அந்தப் பின்னை எடுத்து மேசை டிராயருக்குள் போட்டுப் பூட்டுங்கள். அது துளையின் வடிவத்தை மாற்றும், வோல்ட்டேஜை மாற்றாது.

அமெரிக்காவில் வீட்டுப் பிளக்கில் 120 வோல்ட். அங்கே விற்கும் கண்டிஷனருக்குள் போடும் வேரிஸ்டர் வில்லைகள் 130 அல்லது 150 வோல்ட்டுக்கானவை. அதற்கு மேல் வந்தால் 'ஆபத்து' என்று முடிவு செய்து வாயைத் திறந்து விழுங்க ஆரம்பிக்கும். நம் ஊர் 230-ஐ அது எப்படிப் பார்க்கும்? சுவிட்சைப் போட்ட நொடியிலிருந்து ஓயாத இடி என்றுதான். ஓரிரு நொடியில் வெடிக்கும், ஃபியூஸ் போகும், அதிர்ஷ்டம் இல்லையென்றால் உள்ளே நெருப்புப் பிடிக்கும். நமக்கான வில்லையில் 431 என்ற எண் இருக்கும். 43-க்குப் பின்னால் ஒரு சைபர், அதாவது உச்ச அளவு 430 வோல்ட்டைத் தொடும்போது அது கடத்தத் தொடங்கும். வீட்டு மின்சாரம் தொடர்ந்து 275 வோல்ட் வரை நின்றாலும் சும்மா இருக்கும். 201, 241 என்று இருந்தால் அது அமெரிக்கக்காரர்.

"ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால்?" என்று அடுத்துக் கேட்பீர்கள். வைக்கலாம். 120 வோல்ட் வரும். கண்டிஷனரும் மகிழ்ச்சியாக இருக்கும். அதிலிருந்து வெளியே வரும் 120 வோல்ட்டை உங்கள் 230 வோல்ட் ரிசீவருக்கு எப்படிக் கொடுப்பீர்கள்? மருமகன் அமெரிக்க ரிசீவரையும் தூக்கிக்கொண்டு வந்தால் எழுதுங்கள், பேசுவோம்.

என் மேசையிலும் இப்படி ஒன்று கிடக்கிறது. முன்தகடு அவ்வளவு அழகு. நீல விளக்கு, ஊசி மீட்டர். ஒரு வாடிக்கையாளர் விட்டுவிட்டுப் போனது. சால்டரிங் அயர்ன் நிறுத்தி வைக்க உதவுகிறது.

ஆம்ப்ளிஃபயரின் மேல்தகட்டைத் துணியால் துடைக்கும்போது விரலில் சுருக்கென்று எறும்பு கடித்ததுபோல் இருக்கிறது. டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரிகிறது. கண்டிஷனர் வைத்தால் சரியாகிவிடும் என்று என் தம்பி சொல்கிறான். என் மாமியாரோ, "சாமானில் தூசி இருந்தால் இருக்கட்டும், நீ தொடாதே" என்கிறார்.
— வாசகி, சோழவந்தான்

அம்மா, மாமியார் சொல்வதைக் கேளுங்கள். தம்பி சொன்னதைச் செய்தால் சுருக்கு அதிகமாகும்.

காரணம் இதுதான். இந்தச் செட்டுகளிலும் ஸ்பைக் பஸ்டர் பட்டைகளிலும் இரைச்சலை வடிக்க, ஃபேஸிலிருந்து எர்த்துக்கு ஒரு சின்னக் கண்டன்சர், நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு இன்னொன்று என்று வைத்திருப்பார்கள். எர்த் இருந்தால் கசிவு அதன் வழியாக மண்ணுக்குள் போய்விடும். எர்த் இல்லையென்றால், தகடு இரண்டுக்கும் நடுவில் ஊசலாடும்: 230-இல் பாதி, 115 வோல்ட். மிகச் சிறிய கசிவு என்பதால் ஆளைத் தூக்கி எறியாது, சுருக்கென்று கடிக்கும். கண்டிஷனரில் இந்தக் கண்டன்சர்கள் இன்னும் பெரிதாக இருக்கும். எர்த் இல்லாத வீட்டில் அதை வைத்தால் கட்டெறும்பு போய்த் தேள் வரும். இன்றைக்குச் சுருக்கென்று கடிப்பது கண்டன்சர். நாளைக்கு உள்ளே ஒரு ஒயர் தேய்ந்து தகட்டில் பட்டாலும் வெளியிலிருந்து பார்க்க வித்தியாசம் தெரியாது. அதனால்தான் தொடாதீர்கள் என்கிறேன்.

சோழவந்தான் எர்த் கிடைக்காத மண் அல்ல. வயலும் வாய்க்காலும் தென்னந்தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலும் உள்ள ஊரில் ஒரு முழம் தோண்டினாலே ஈரம். மேலூர்ப் பக்கம் பாறை என்று சொன்னால் ஒத்துக்கொள்வேன். திருமங்கலம் பக்கம் கரிசல்; கோடையில் வெடித்து, புதைத்த குழாயை விட்டு மண் விலகி நின்றுவிடும். உங்கள் வீட்டில் எர்த் இல்லையென்றால் குழியே போடவில்லை, அல்லது குழியிலிருந்து வரும் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. கொல்லைப்புறம் போய்ப் பாருங்கள். மெயின் பாக்ஸிலிருந்து பச்சை ஒயரோ ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பியோ இறங்கி, சிமெண்டுத் தொட்டிக்குள் ஒரு குழாயில் முடுக்கியிருக்க வேண்டும். முடுக்கிய இடத்தில் துரு பூத்து, கையால் அசைத்தாலே ஆடும். பாதி வீடுகளில் நான் கண்டது அதுதான். அதைச் செய்யும் முன் மெயினை அணைத்துவிடுங்கள். அசைப்பதும் ஒயர்மேன் வேலையாக இருக்கட்டும்.

குழியே இல்லையென்றால் புதிதாகப் போடச் சொல்லுங்கள். 40 மில்லிமீட்டர் ஜி.ஐ. குழாய், இரண்டரை மீட்டர் நீளம், சுற்றிலும் அடுப்புக்கரியும் கல்லுப்பும் மாறி மாறி அடுக்கு; மேலே தண்ணீர் ஊற்ற ஒரு புனல். சித்திரை, வைகாசியில் வாரத்துக்கு இரண்டு குடம் ஊற்றுங்கள். துளசி மாடத்துக்கு ஊற்றும்போது ஞாபகம் வந்தால் போதும்.

போட்ட பிறகு சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். மல்டிமீட்டரை வைத்து "230 காட்டுகிறது பாருங்கள்" என்று சொல்லிவிட்டுக் காசு கேட்பார்கள். அதை நம்பாதீர்கள். மீட்டர் துளி மின்சாரம்தான் இழுக்கும். நூல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் எர்த்தும் அதற்கு 230 காட்டும். 100 வாட் குண்டு பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஒயர்மேன் பிடிக்க வேண்டும். நியூட்ரலில் எரிவதுபோலவே பளிச்சென்று எரிந்தால் ஓரளவு சரி. மங்கினால் குழி சரியில்லை. (ஆர்.சி.சி.பி. இருக்கும் வீட்டில் அது உடனே விழும், விழ வேண்டும்.) எர்த் டெஸ்டர் கொண்டுவந்து மின்தடையை அளந்து, 5 ஓமுக்குள் என்று காட்டினால் நான் வாயை மூடிக்கொள்வேன்.

ஒன்றை மட்டும் அனுமதிக்காதீர்கள். சில அவசரக்காரர்கள் மூன்று பின் சாக்கெட்டுக்குள்ளேயே எர்த் துளையையும் நியூட்ரலையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டு, "எர்த் கொடுத்துவிட்டேன் அம்மா" என்பார்கள். பல்பும் பளிச்சென்று எரியும். என்றைக்காவது வெளியே நியூட்ரல் அறுந்தால், வீட்டில் உள்ள அத்தனை தகடுகளிலும் முழு மின்சாரம் வந்து நிற்கும். குளிர்சாதனப் பெட்டியின் கதவில், வாஷிங் மெஷினில், எல்லாவற்றிலும். சாக்கெட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

படம் ஓடாதபோதும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். தவிர, பக்கத்துக் கட்டடத்தில் விசைத்தறி ஓடுகிறது. மோட்டார் போடும்போதெல்லாம் 'டப்' என்று ஒரு வெடிப்பு. சப்வூஃபர் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிட்டால் முனகல் நிற்கும் என்று நண்பர் சொன்னார். வெட்டினேன், நின்றுவிட்டது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. கண்டிஷனர் வாங்கட்டுமா?
— வாசகர், செல்லூர்

உங்கள் மனசு நண்பரைவிடப் புத்திசாலி. புதிய பிளக் வாங்கி மூன்று பின்னையும் வைத்து மாட்டுங்கள், இன்றைக்கே.

முனகலும் வெடிப்பும் வேறு வேறு. முனகலுக்குக் காரணம் எர்த் இரண்டு வழியாக வருவது. ஒன்று உங்கள் சுவர்ப் பிளக்கிலிருந்து. இன்னொன்று கேபிள் டிவி ஒயரின் வெளிவலை வழியாக, எங்கோ மூன்று தெரு தள்ளி. இரண்டு எர்த்துக்கும் இடையே சிறு வோல்ட்டேஜ் வித்தியாசம் இருந்தால், அது உங்கள் சிக்னல் ஒயர் வழியாகச் சுற்றிச் சுற்றி ஓடும். நொடிக்கு 50 முறை. அதுதான் முனகல். செட்டாப் பாக்ஸிலிருந்து கேபிள் ஒயரைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். முனகல் நின்றால் திருடன் அகப்பட்டான். கேபிள் ஒயரில் மாட்டி அந்த இரண்டாவது எர்த் வழியை அறுக்கும் ஐசொலேட்டர் கிடைக்கிறது, சுண்டுவிரல் அளவு. நிற்கவில்லையென்றால், டிவி, ரிசீவர், சப்வூஃபர் மூன்றையும் ஒரே சாக்கெட்டிலிருந்து எடுத்த பட்டையில் மாட்டிப் பாருங்கள். பல வீடுகளில் டிவிக்கு ஒரு சுவர், சப்வூஃபருக்கு எதிர்ச்சுவர் என்று இருக்கும். இந்த முனகலுக்குக் கண்டிஷனர் வாங்கினால் காசு போனதற்கும் சேர்த்து நீங்கள் முனக வேண்டியிருக்கும்.

வெடிப்பு அப்படியல்ல; அது மின்கம்பி வழியாகவே வருகிறது. மோட்டார் போடும்போதும் அணைக்கும்போதும் எழும் பொறி. உங்களைப் போன்றவருக்குத்தான் வடிகட்டி உள்ள கண்டிஷனரால் உண்மையான பயன். நான் சிபாரிசு செய்யும் அபூர்வமான ஆள் நீங்கள். முடிந்தால் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளதாக வாங்குங்கள். இரண்டு சுற்று தனித்தனியாக, ஒன்றையொன்று தொடாமல் இருக்கும். தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனம். கனமில்லாமல் 'ஐசொலேஷன்' என்று எழுதியிருந்தால் எழுத்து மட்டும்தான். அதன் பிறகும் 'டப்' வந்தால் எனக்கு எழுதுங்கள். சப்வூஃபருக்குப் போகும் ஒயரின் பக்கம் பார்ப்போம்.

கண்டிஷனர் வைத்தால் ஒலி மெருகேறும், படத்தில் கறுப்பு இன்னும் கறுப்பாகத் தெரியும் என்கிறார்களே?
— வாசகர், அண்ணா நகர்

இரைச்சல் இருந்த வீட்டில் இரைச்சல் போகும். இல்லாத வீட்டில் உங்கள் காசுதான் போகும். அந்தக் காசுக்கு ஜன்னலுக்குக் கனமான திரையும் தரைக்கு ஒரு ஜமுக்காளமும் வாங்குங்கள். ஒலியும் மெருகேறும், கறுப்பும் கறுப்பாகும்.

இடி மின்னல் நேரத்தில் எந்தக் கண்டிஷனர் காப்பாற்றும்? வீடு தனி வீடு, சுற்றிலும் வெட்டவெளி. இன்வெர்ட்டரில் ஓட்டினால் பாதுகாப்பா?
— வாசகர், மேலூர் அருகே

எதுவும் காப்பாற்றாது. பக்கத்தில் எங்கோ விழுந்த மின்னலின் சிதறலை வில்லைகள் தாங்கும். மெயின் பாக்ஸில் சர்ஜ் புரொடெக்டர் ஒன்றை நல்ல எர்த்தோடு வைத்தால் இன்னும் நன்றாகத் தாங்கும். உங்கள் கூரையிலோ கம்பத்திலோ விழுந்தால் கழற்றி வைத்த செட்டு மட்டும்தான் பிழைக்கும். சுவிட்சை அணைப்பது கழற்றுவது ஆகாது. வானத்திலிருந்து இத்தனை தூரம் தாண்டி வந்தது, சுவிட்சுக்குள் இருக்கும் அரை விரல்கடை இடைவெளிக்கா அஞ்சும்?

என் கதையைக் கேளுங்கள். சில ஐப்பசிகளுக்கு முன்பு, வானம் உறுமத் தொடங்கியதும் வீட்டுக்காரி சொல்லச் சொல்ல ஓடிப்போய் அத்தனை பிளக்கையும் பிடுங்கினேன். பெருமையாகக் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாடியில் இருந்த டிஷ் ஆன்டெனாவின் ஒயரை மறந்துவிட்டேன். பளீரென்று ஒரு வெளிச்சம். மறுநாள் செட்டாப் பாக்ஸ் போயிருந்தது. அதிலிருந்து எச்.டி.எம்.ஐ. ஒயர் போன ரிசீவரில் அந்த ஒரு துளை மட்டும் செத்திருந்தது. அதன்பின் எச்.டி.எம்.ஐ. ஒயர் வழியாக டிவிக்கும் போயிருந்தது. ஊருக்கெல்லாம் பழுது பார்ப்பவன் வீட்டில் மூன்று சாமான். "பிளக்கைப் பிடுங்கிவிட்டேன் என்றீர்களே" என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஆகவே டிஷ் ஒயர், கேபிள் ஒயர், இன்டர்நெட் லேன் ஒயர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கண்ணாடி இழை வழியாக இன்டர்நெட் வருகிறதென்றால் அந்த இழை மின்சாரத்தைக் கடத்தாது. அந்தப் பெட்டியின் அடாப்டரும் லேன் ஒயரும் கடத்தும். இடி இடித்துக்கொண்டிருக்கும்போது கையால் கழற்றப் போகாதீர்கள். மேகம் திரளும்போதே செய்துவிட வேண்டும்.

இன்வெர்ட்டர் பற்றி: வீட்டு இன்வெர்ட்டர், கரண்ட் இருக்கும்போது வெளி மின்சாரத்தை அப்படியே உள்ளே விடும். இடிக்கு அது தடையல்ல. ரிசீவரை ஓட்டுவதென்றால், கம்பி மின்சாரம்போல் வளைந்த அலை தரும் சைன் வேவ் இன்வெர்ட்டரா என்று பாருங்கள். பழைய சதுர அலை இன்வெர்ட்டரில் டிரான்ஸ்ஃபார்மர் வண்டுபோல் இரையும், சூடேறும். ஆன்லைன் யு.பி.எஸ். மின்சாரத்தைப் புதிதாகவே செய்து கொடுக்கும். ஆனால் அதன் விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படம் பார்க்க வேண்டும்.

நீங்கள் முன்பு எழுதியதை நம்பி வோல்ட்டேஜ் புரொடெக்டர் மாட்டினேன். போன சனிக்கிழமை இரவு, படத்தின் உச்சக்கட்டத்தில் துண்டித்துவிட்டது. வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். அதில் 274 என்று எண் மின்னியது. மூன்று நிமிடம் கழித்து வந்தது, மறுபடி போனது. பெட்டி கெட்டதா? மேல் எல்லையை 290 என்று மாற்றிவிடச் சொல்கிறார் மைத்துனர்.
— வாசகர், உசிலம்பட்டி

பெட்டி கெடவில்லை. வேலை செய்கிறது. மைத்துனர் உங்கள் செட்டுக்குப் பணம் கட்டியவர் அல்ல என்பதை நினைவில் வையுங்கள். 290 உள்ளே போனால் கண்டன்சர் 410-ஐப் பார்க்கும்; 400 என்று எழுதியிருக்கும் கண்டன்சருக்கு அது தாங்காது. 260-லேயே வையுங்கள்.

சனிக்கிழமை இரவு ஊரில் பம்புசெட்டுகளும் தொழிற்கூடங்களும் நின்று, சுமை குறையும்போது வோல்ட்டேஜ் ஏறுவது உண்டு. 274 அளவுக்கு ஏறுகிறதென்றால் டிரான்ஸ்ஃபார்மர் பக்கமோ நியூட்ரல் பக்கமோ கவனிக்க வேண்டியது இருக்கிறது. விளக்குகள் சில பிரகாசமாகவும் சில மங்கலாகவும் ஒரே நேரத்தில் எரிந்ததா என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். ஆம் என்றால் நியூட்ரல் தளர்ந்திருக்கிறது. அன்றைக்கே மெயினை அணைத்துவிட்டு மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். இல்லையென்றால் பத்து நாள், இரவு எட்டு, பத்து, பன்னிரண்டு மணிக்கு அந்த எண்ணைப் பார்த்து ஒரு தாளில் எழுதி, அதையும் மனுவோடு பின் குத்திக் கொடுங்கள். "வோல்ட்டேஜ் சரியில்லை" என்று வெறுமனே எழுதினால் எங்கே தேடுவது என்று யாருக்கும் தெரியாது. தேதியும் மணியும் இருந்தால் கம்பம் ஏறுகிறவருக்கு வேலை எளிது.

சொந்தக்காரர்களுக்கு மிச்சப் படத்தின் கதையைச் சொல்லிவிட்டீர்களா, இல்லையா?